இடம்பெயர்ந்த கணினி ஏன் எழ மறுக்கிறது? - ஒரு வரலாற்றுப் பார்வை



சில வாரங்களுக்கு முன், தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவன் கை உயர்த்தினான். "டீச்சர், போன வாரம் நாங்க வீடு மாறினோம். தாத்தாவோட கம்ப்யூட்டர் பழைய வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு. புது வீட்ல வேலையே செய்யல. வீடு மாறினா கம்ப்யூட்டர் எப்படிக் கெட்டுப்போகும்?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தனர். மணி அடித்துவிட்டமையால் என்னால் விரிவாக விடை கூற இயலவில்லை. "பெரும்பாலும் கெட்டிருக்காது" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஆனால் அவ்வினா நகைப்பிற்குரியதன்று. கணினி என்னும் கருவி தோன்றிய நாள்முதல், அதை இடம் மாற்றியவர் அனைவரும் அதே வினாவை எதிர்கொண்டுள்ளனர். அவர்களுள் நானும் ஒருவர். ஆகவே என் கதையையும், எனக்கு முன்னோர் சிலரின் கதையையும் இங்கு எழுதுகிறேன்.

ஒரு டிசம்பர் விடுமுறை

2006ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் மார்சிலிங்கிலேயே ஒரு புளோக்கிலிருந்து மற்றொரு புளோக்கிற்குக் குடிபெயர்ந்தோம். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு அரைக் கிலோமீட்டர்கூட இராது. மின்தூக்கியில் இறங்கி, லாரியில் ஏறி, மீண்டும் மின்தூக்கியில் ஏறியதே அக்கணினி மேற்கொண்ட பயணம். முதல் நாள் இரவுவரை ஒழுங்காக இயங்கிய அம்மேசைக் கணினியைப் புதிய வீட்டில் வைத்து, கம்பிகளை எல்லாம் பொருத்தி, பொத்தானை அழுத்தினேன். மின்விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது. திரை மட்டும் இருண்டே கிடந்தது. உள்ளிருந்து நீண்ட ஒலி ஒன்று எழுந்தது, சற்று நின்றது, மீண்டும் எழுந்தது.

அக்கணினியில் என் பயிற்சித் தாள்கள் இருந்தன. அவை போனால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவற்றோடு வேறொன்றும் இருந்தது. என் தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றியவர். பிரிட்டிஷார் 1971இல் தம் படைகளை விலக்கிக்கொள்ளும்வரை அங்கு நடந்தவற்றை அவர் சொல்லச் சொல்ல, நான் 2004இல் ஏறத்தாழ அறுபது பக்கங்கள் தட்டெழுதி வைத்திருந்தேன். 2005இல் அவர் காலமானார். அந்த அறுபது பக்கங்களுக்கும் வேறு படி கிடையாது. "முக்கியமானதை இரண்டு இடங்களில் வையுங்கள்" என்று மாணவர்க்குச் சொல்லும் அறிவுரையை நானே பின்பற்றவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முப்பது டன் எடையுள்ள முன்னோடி

என் கணினி அரைக் கிலோமீட்டர் நகர்ந்தது. அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் நகர்ந்த ஒரு கணினியின் கதையை முதலில் நோக்குவோம்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946 பிப்ரவரியில் உலகிற்கு அறிமுகமானது 'எனியாக்' என்னும் கணினி. அதன் எடை ஏறத்தாழ 30 டன். அதனுள் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. கையால் பற்றவைத்த இணைப்புகள் சுமார் ஐம்பது இலட்சம். படைத்துறைக்கெனச் செய்யப்பட்ட அக்கணினியை மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் சோதனைத் தளத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 1946 நவம்பர் 9ஆம் நாள் அதை நிறுத்தினர். சீரமைப்பும் இடமாற்றமும் முடிந்து அது மீண்டும் இயங்கத் தொடங்கிய நாள் 1947 ஜூலை 29. இடையில் எட்டு மாதங்களுக்கும் மேல் கழிந்தன.

எனியாக்கின் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு. வெற்றிடக் குழல்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போது பழுதாவதைவிட, நிறுத்தும்போதும் மீண்டும் இயக்கும்போதுமே மிகுதியாகப் பழுதாயின. சூடான உலோகம் ஆறும்போது சுருங்கும். மீண்டும் சூடேறும்போது விரியும். அந்தச் சுருக்கத்திலும் விரிவிலும் நைந்த பகுதி அறுந்துவிடும். நம் வீட்டுப் பழைய குண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும்போது அணைவதைவிட, விசையைத் தட்டிய அந்த நொடியில் 'பட்'டென்று போவதுதானே வழக்கம்? ஆகவே அவர்கள் எனியாக்கை இயன்றவரை அணைக்காமலே வைத்திருந்தனர். அதன்பின் குழல் பழுது ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கு ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்தது.

மாணவனின் வினாவிற்கான விடையின் முதற்பகுதி இதில் உள்ளது. வீடு மாறும்போது நாம் கணினியை நகர்த்துகிறோம் என்று மட்டுமே எண்ணுகிறோம். நகர்த்துமுன் அதை முழுமையாக நிறுத்துகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். பல ஆண்டுகளாக மின்னிணைப்பைப் பிரியாத கணினி அன்றுதான் முதன்முறையாக அடியோடு ஆறுகிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த உறுப்பு அன்று தன் தளர்ச்சியைக் காட்டுகிறது. 2000களின் முற்பகுதியில் உற்பத்தியான பல கணினிகளின் தாய்ப்பலகைகளில் தரங்குறைந்த மின்தேக்கிகள் இடம்பெற்றிருந்தன. அவை தலை வீங்கியபடியே பல காலம் உழைத்தன. ஒருநாள் நிறுத்தி மீண்டும் இயக்கியபோது எழவில்லை. பழி லாரிமேல் விழுந்தது. நோயோ முன்பே இருந்தது.

நிலத்திலும் கடலிலும்

ஆஸ்திரேலியாவின் முதற் கணினி 'சிசிராக்'. டிரெவர் பியர்சி, மாஸ்டன் பியர்ட் ஆகியோர் வடிவமைத்த இக்கணினி, 1949 நவம்பரில் சிட்னியில் தன் முதல் நிரலை இயக்கியது. 1955இல் அதைப் பிரித்து மெல்பர்ன் பல்கலைக்கழகத்திற்குச் சரக்கு வண்டியில் அனுப்பினர். அங்கு அது முறைப்படி மீண்டும் இயங்கத் தொடங்கியது 1956 ஜூன் 14ஆம் நாள். சாலையில் சென்ற நேரம் சிறிது. உறுப்புகளை மீண்டும் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து, பழையபடி ஒத்திசையச் செய்யவே மாதங்கள் பல தேவைப்பட்டன. பின்னர் அது 1964வரை உழைத்தது. அழியாமல் முழுமையாக எஞ்சியுள்ள முதல் தலைமுறைக் கணினி என்று இன்று மெல்பர்னில் அதைப் பாதுகாத்து வருகின்றனர்.

அதே காலத்தில் இந்தியாவிற்கும் ஒரு கணினி கடல் வழியே வந்தது. பேராசிரியர் மகலனோபிசு நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம், 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து 'எச்.இ.சி. 2எம்' என்னும் கணினியை ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் மின்னணுக் கணினி அதுவே. சுழலும் உருளை ஒன்றே அதன் நினைவகம். அதில் 1,024 சொற்கள் அடங்கும். மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் என்னும் பொறியாளர் இருவர் அதைக் கல்கத்தாவில் நிறுவி இயக்கினர். அவ்விருவரும் முன்னரே இங்கிலாந்து சென்று அக்கணினியோடு பழகி வந்தவர்கள் என்பதை இங்குக் கருத வேண்டும். பெட்டியில் வந்தவை உறுப்புகள் மட்டுமே. எதை எங்கே பொருத்துவது, எது தவறினால் எங்கே பார்ப்பது என்னும் அறிவு அவ்விருவரோடு வந்தது.

நம் சிங்கப்பூருக்கும் 1960களில் இத்தகைய பெருங்கணினிகள் வரத் தொடங்கின. மத்திய சேமநிதிக் கழகம் 1963இல் கணினியை நிறுவியது. அக்காலத்தில் கணினியை நகர்த்துவது கோயில் தேரை நகர்த்துவது போன்றது. அதற்கென ஆள்களும் நாளும் முறையும் உண்டு. கணினி மேசைமேல் அமரும் அளவிற்குச் சிறுத்தபோது அந்த முறையை நாம் மறந்தோம். கைக்கடக்கமான பொருளைக் கைபோன போக்கில் தூக்கலானோம்.

கழற்றக்கூடியது தளரும்

மறுநாள் காலை, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, கணினிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தேன். அறுந்த கம்பியோ எரிந்த வாடையோ இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாகவே தோன்றியது. பிறகுதான், நீண்ட ஒலி விட்டுவிட்டு எழுவது பெரும்பாலும் நினைவகம் பற்றிய முறையீடு என்று எங்கோ படித்தது நினைவிற்கு வந்தது. திரை எழுவதற்கு முன்பே பழுது நேர்ந்தால் கணினியால் எழுதிக் காட்ட இயலாது. ஆதலால் அது ஒலியால் பேசுகிறது. வாய்பேச வாராத குழந்தை அழுது காட்டுவதைப் போன்றதே அது.

நினைவக அட்டை ஒரு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் இரு முனைகளையும் இரண்டு வெள்ளைக் கொக்கிகள் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கொக்கி முழுமையாகக் கவ்வவில்லை. அட்டையை எடுத்து, நேராக வைத்து, இரு முனைகளிலும் அழுத்தினேன். 'டக்' என்ற ஓசையோடு அமர்ந்தது.

இத்தகைய பழுதிற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980இல் ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் III' என்னும் கணினியை வெளியிட்டது. ஓசை எழக்கூடாது என்பதற்காக அதில் மின்விசிறி வைக்கப்படவில்லை. உள்ளே வெப்பம் ஏறி இறங்க, சில்லுகள் தம் பொருத்துவாயிலிருந்து மெல்ல மெல்ல மேலெழும்பின. பயனர்களுக்கு அந்நிறுவனம் கூறிய தீர்வு இன்றும் பேசப்படுகிறது. கணினியைச் சில அங்குலம் தூக்கி, மேசைமேல் 'தொப்'பென்று விடுங்கள் என்பதே அது! எழும்பிய சில்லுகள் அந்த அதிர்ச்சியில் மீண்டும் அமர்ந்துகொள்ளும். அக்காலக் கணினி வல்லுநர்கள் இவ்வாறு தளர்வதைச் 'சில்லு நகர்வு' என்றே அழைத்தனர். முதல் ஐ.பி.எம். தனியாள் கணினி 1981இல் வந்தபின், பெட்டியைத் திறந்து சில்லுகளைக் கட்டைவிரலால் அழுத்துவது பழுதுபார்ப்போரின் முதல் வேலையாயிற்று.

இங்கு ஒரு வினா எழலாம். தளரும் என்று தெரிந்தும் ஏன் செருகி எடுக்கும்படி அமைத்தார்கள்? அனைத்தையும் பற்றவைத்து இறுக்கிவிட்டால் என்ன?

பற்றவைத்தால் தளராது; ஆனால் மாற்றவும் முடியாது. எனியாக்கின் 18,000 குழல்களும் பொருத்துவாயில் செருகப்பட்டிருந்தமையாலேயே, பழுதான ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றொன்றைச் செருக முடிந்தது. மேசைக் கணினியின் நினைவகம், வரைகலை அட்டை, வன்தட்டு, மின்வழங்கி ஆகிய அனைத்தும் அவ்வழி வந்தவையே. கழற்றக்கூடியதாக இருப்பதால் அது தளர்கிறது. கழற்றக்கூடியதாக இருப்பதாலேயே நம் போன்றோராலும் அதைச் சரிசெய்ய முடிகிறது. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. அவை பையில் ஆடினாலும் நினைவகம் தளராது. ஆனால் அந்நினைவகம் பழுதானால் வீட்டில் உள்ளவர் செய்யக்கூடியது ஏதுமில்லை.

நாள் மறந்த கணினி

நினைவகம் அமர்ந்தபின் திரை எழுந்தது. என் மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. திரையில் தெரிந்த தேதி பல ஆண்டுகளுக்கு முந்தையது. அதன்கீழ், இயக்குவதற்கான தட்டைக் காணவில்லை என்னும் செய்தி.

தேதி பின்சென்றதற்குக் காரணம் எளிது. ஐ.பி.எம். நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'ஏ.டி.' கணினியில், மின்னிணைப்பு இல்லாதபோதும் நாளையும் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும் சிறு சில்லு ஒன்றும், அதற்கு உயிரூட்டும் மின்கலம் ஒன்றும் இடம்பெற்றன. அன்றுமுதல் மேசைக் கணினிகளில் அவ்வேற்பாடு தொடர்ந்தது. பின்னாளில் அம்மின்கலம் நாணயம் போன்ற வட்ட வடிவம் பெற்றது. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை அம்மின்கலம் தீர்ந்துபோனதே நமக்குத் தெரியாது. வீடு மாறும் நாளில் செருகியைப் பிடுங்கும்போதுதான் கணினி தன் நினைவை இழக்கிறது. எனியாக் கற்பித்த பாடமே இது: பழுதை உண்டாக்கியது பயணமன்று, நிறுத்தம். சில வெள்ளி கொடுத்துப் புதிய மின்கலம் வாங்கிப் போட்டவுடன் அக்குறை தீர்ந்தது.

எஞ்சியது வன்தட்டு. தந்தையாரின் அறுபது பக்கங்களும் அதனுள்தான் இருந்தன.

வன்தட்டும் சிங்கப்பூரும்

வன்தட்டின் வரலாற்றில் சிங்கப்பூருக்கு என ஓர் அத்தியாயம் உண்டு. 1979இல் தொடங்கப்பட்ட சீகேட் நிறுவனம், மேசைக் கணினிக்குள் அடங்கும் ஐந்தேகால் அங்குல வன்தட்டை 1980இல் முதன்முதலில் செய்தது. அதன் கொள்ளளவு வெறும் 5 மெகாபைட். ஒரு பாடலைக்கூட அதில் முழுமையாக வைப்பது இன்று அரிது. 1982இல் அந்நிறுவனம் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1990களில் உலகில் உற்பத்தியான வன்தட்டுகளில் ஏறத்தாழப் பாதி சிங்கப்பூரில் பூட்டப்பட்டவையே. அங் மோ கியோவிலும் உட்லண்ட்ஸிலும் ஆலைகள் இயங்கின. முகமூடியும் வெள்ளை அங்கியும் அணிந்து இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் பேருந்தில் திரும்பும் பெண்களை மார்சிலிங் நன்கு அறியும். பின்னர் உற்பத்தியின் பெரும்பகுதி அண்டை நாடுகளுக்குச் சென்றது. அங் மோ கியோ ஆலை 2010இல் மூடப்பட்டது.

எங்கள் புதிய வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா ஒருவர் அத்தகைய ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். வாசலில் பெட்டி பெட்டியாகக் கிடந்த சாமான்களைப் பார்த்து நலம் விசாரிக்க வந்தவர், நான் வன்தட்டைக் கழற்றிக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பதைக் கண்டு பதறிவிட்டார்.

"ஐயோ டீச்சர், அதை ஆட்டாதீங்க! எங்க லைன்ல அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி வச்சு எடுப்போம். மெத்தை மேலதான் வைக்கணும். தட்டவே கூடாது."

அவர் பதறியது சரியே. வன்தட்டினுள் தகடுகள் நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் முனை அத்தகட்டைத் தொடாமல் காற்றில் மிதக்கிறது. 1980களின் தொடக்கத்திலேயே அந்த இடைவெளி மனித மயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. முனை தகட்டில் மோதினால் அவ்விடத்துத் தகவல் அழியும். அக்கால வன்தட்டுகளில் மின்சாரம் நின்றதும் முனை இருந்த இடத்திலேயே தகட்டின்மேல் அமர்ந்துவிடும். எனவே கணினியை நகர்த்துமுன், முனையைத் தகவல் இல்லாத ஓரப் பகுதிக்குக் கொண்டுபோய் நிறுத்தும் கட்டளை ஒன்றை இட வேண்டியிருந்தது. ஐ.பி.எம். கணினிகளோடு வந்த சோதனை வட்டில் 'ஷிப்டிஸ்க்' என்னும் நிரலே இதற்கென இருந்தது. 1980களில் கணினி பயன்படுத்தியோர் வீடு மாறும்போது செய்த சடங்கு அது எனலாம்.

பின்வந்த வன்தட்டுகள் இதைத் தாமே செய்துகொள்கின்றன. மின்சாரம் நின்றதும், சுழன்றுகொண்டிருக்கும் தகட்டின் எஞ்சிய விசையையே மின்சாரமாக மாற்றி, முனையைப் பாதுகாப்பான இடத்திற்கு இழுத்துக்கொள்கின்றன. ஆகவே முறைப்படி அணைத்த வன்தட்டு, லாரிப் பயணத்தைப் பெரும்பாலும் தாங்கும். அணைக்காமல் தூக்கினாலோ கீழே விட்டாலோதான் பேராபத்து.

அக்கா வன்தட்டை என் கையிலிருந்து வாங்கித் துணிமேல் வைத்தார். பிறகு அதையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் பட்டையான கம்பியைக் காட்டி, "இது பாதிதான் உள்ளே போயிருக்கு" என்றார். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஏற்றியபோது, மற்றொரு கம்பியின் பாரம் அதை இழுத்திருக்க வேண்டும். முழுமையாகச் செருகிப் பொத்தானை அழுத்தினோம். வன்தட்டு மெல்ல முனகியது, சுழன்றது. பழைய வீட்டில் கேட்ட அதே தொடக்க இசை புதிய வீட்டிலும் கேட்டது. அக்காவிற்குத் தேநீர் போடச் சென்றேன். கை நடுங்கியது.

வெளியிலிருந்து உள்ளே

இவ்வனுபவத்திலிருந்தும் மேற்கண்ட வரலாற்றிலிருந்தும் நான் கற்ற முறையை மாணவனின் தாத்தாவிற்காக இங்குத் தருகிறேன். பயணத்தில் மாறியது எதுவோ அதை முதலில் பார்க்க வேண்டும். சுவரில் தொடங்கி உள்நோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் மின்சாரம். சுவரின் விசை, செருகியின் உள்ளிருக்கும் உருகி, நீட்டிப்புப் பலகை ஆகியவற்றை வேறொரு விளக்கைப் பொருத்திச் சோதிக்கலாம். கணினியின் பின்புறம் மின்வழங்கியில் தனி விசை ஒன்று இருக்கும். தூக்கும்போது கைபட்டு அது அணைந்திருக்கக்கூடும். சில மின்வழங்கிகளில் 115, 230 என்னும் எண்களுக்கிடையே நகரும் சிவப்பு விசையும் உண்டு. நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 115இல் வைத்து இயக்கினால் மின்வழங்கி அப்போதே பழுதாகும்.

அடுத்து, திரை. வரைகலை அட்டை தனியாக உள்ள கணினியில், திரைக் கம்பியை அட்டையில் செருகாமல் தாய்ப்பலகையின் வாயில் செருகிவிட்டு, கணினி இறந்துவிட்டதாகக் கருதுவோர் பலர்.

அதற்குப் பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். 1995இல் வந்த 'ஏ.டி.எக்ஸ்.' அமைப்புமுதல், முன்புறப் பொத்தான் மின்சாரத்தை முழுமையாகத் துண்டிப்பதில்லை; அணைந்த கணினியிலும் சிறிதளவு மின்சாரம் ஓடும். எனவே செருகியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னையும் இறக்கிவிடுங்கள். பிறகு நினைவகம், அட்டைகள், கம்பிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் பொருத்துங்கள். அவ்வாறு செருகும்போது முனைகளில் படிந்த மெல்லிய மாசும் உராய்ந்து நீங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் இயக்கிப் பாருங்கள். பலவற்றை ஒன்றாக மாற்றினால், எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிர்க்கு இறுதி செய்யும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

எழுத்துகளும் இடம்பெயர்ந்தன

கணினி எழுந்த அன்றே அறுபது பக்கங்களையும் படியெடுத்து, புதிதாக வாங்கிய மடிக்கணினிக்கு மாற்றினேன். அங்கே திறந்தபோது தமிழைக் காணோம்! தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் அணிவகுத்து நின்றன. கணினியைப் போலவே என் தந்தையாரின் சொற்களும் இடம்பெயர்ந்தவுடன் எழ மறுத்தன.

இங்கும் விட்டுப்போனது ஓர் இணைப்பே. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றத்தைப் பின்பற்றின. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே அக்கோப்பு தமிழாகத் தெரியும். இச்சிக்கலைத் தீர்க்க முதலில் முனைந்தோருள் சிங்கப்பூரர்க்குச் சிறப்பிடம் உண்டு. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1997 மே மாதம் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெறவும் அவர் பெரிதும் உழைத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு, தமிழ்99 விசைப்பலகைக்கும் 'டாம்', 'டாப்' குறியேற்றங்களுக்கும் வழிவகுத்தது. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் தமிழ் இணைய மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் கூடியது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, 2000களில் மெல்ல மெல்ல அனைவர்க்கும் பொதுவாயிற்று. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது.

மாற்றி நிரல் ஒன்றின் துணையால் கோப்பை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். பெரும்பகுதி சரியாகவே வந்தது. ஆனால் கிரந்த எழுத்துகள் சிதைந்தன. கப்பல் பட்டறைத் தொழிலாளியின் தமிழில் அவ்வெழுத்துகளுக்கா பஞ்சம்? ஜெட்டி, ஸ்டோர், ஷிஃப்ட் எனப் பக்கந்தோறும் ஓட்டை. பழைய கணினியையும் மடிக்கணினியையும் அருகருகே வைத்து, ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருத்தினேன். அந்த எழுத்துரு அப்பழைய கணினியில் மட்டுமே இருந்தது. அது எழாமல் போயிருந்தால், அவ்விடங்களில் தந்தையார் சொன்னது என்ன என்பதை ஊகித்துத்தான் எழுதியிருக்க வேண்டும். எஞ்சிய விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்தது. அவர் சொல்லக் கேட்டு விரைந்து தட்டெழுதியவற்றை, அந்நாள்களில்தான் நான் முதன்முறையாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

இப்போது அப்பக்கங்கள் மூன்று இடங்களில் உள்ளன. அவற்றுள் ஒன்று தாளில்.

மறுவாரம் அம்மாணவனிடம் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். வீட்டிற்குச் சென்று, தாத்தாவோடு அமர்ந்து, வெளியிலிருந்து உள்ளே ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தவன், "டீச்சர், பின்னாடி இருந்த சுவிட்ச்தான்!" என்றான். அவன் குரலில் சற்று ஏமாற்றம் இருந்ததாகத் தோன்றியது. பெட்டியைத் திறந்து பார்க்கும் வாய்ப்புப் போயிற்றே என்பதனால் இருக்கலாம். "தாத்தா அதுல என்ன வச்சிருக்காரு?" என்று கேட்டேன். "தெரியல டீச்சர்" என்றான். கேட்டுப் படியெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
மார்சிலிங்கிலிருந்து ஒரு தமிழாசிரியர்